பின்சீட்டில் பெட்ரோல் வாசம்

பானட்டைத் திறந்து குனிந்து ஒரு முறை மூச்சை இழுத்தால் போதும், வண்டியில் எங்கே என்ன ஒழுகுகிறது என்று வீரபாண்டி சொல்லிவிடுவார். கூலண்ட் என்றால் ஒருவித இனிப்பு வாசம். கியர் ஆயில் என்றால் அழுகிய முட்டை. தேய்ந்த பிரேக் என்றால் கருகல் வாடை. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று வயதில் சவூதியிலுள்ள யான்புவுக்குப் போய், அங்கே ஒரு கம்பெனியின் லாரி ஷெட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்ததில் பழகியது அது. பிறகு துபாய்க்கு வந்து, அல் கூஸில் ஜாபர் சாதிக் நடத்தும் கராஜில் சேர்ந்தார். கீழக்கரைக்காரரான ஜாபர் சாதிக், வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "மெஷின்லாம் அப்புறம். மொதல்ல நம்ம பாண்டி மோந்து பாக்கட்டும்."

2020 ஜூன் மாதம் அந்த மூக்கு போய்விட்டது.

கொரோனா வந்து தொழிலாளர் கேம்ப்பில் ஓர் அறையில் பதினான்கு நாள் கிடந்தார். காய்ச்சல் இறங்கிய பிறகு டெட்டால் பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது. அதே வரிசையில் படுத்திருந்த மற்றவர்களுக்கும் அப்படித்தான் ஆனது. அவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. வீரபாண்டி ஒரு மாதம் பார்த்தார், ஆறு மாதம் பார்த்தார். வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் வேலை குறைந்து கராஜிலிருந்து இரண்டு பேரை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். வாசம் தெரியாத மெக்கானிக் என்று தெரிந்தால் மூன்றாவது ஆள் தான்தான் என்று நினைத்தார். ஊரில் இருந்த மனைவி உமாராணியிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் வாயால் சொன்னதாகிவிடும், சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

அதன்பின் அவர் வேறு விதமாக வேலை செய்யப் பழகினார். கராஜில் நிதின் என்று ஒரு மலையாளி எலக்ட்ரீஷியன் இருந்தான். வீரபாண்டி அவனைக் கூப்பிட்டு, "இந்த வண்டியில என்ன வாசம்னு சொல்லு பாப்போம்" என்பார். தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து அவனும் மோந்து பார்த்துச் சொல்வான். ஜாபர் சாதிக்கை நச்சரித்து, கசிவைக் காட்டும் ஒரு புகை மெஷினும் வாங்க வைத்தார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுக்கும் இடத்தில் இவர் டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு நேரம் தேடினார். மூன்று வருஷத்தில் ஒரு தவறும் நடக்கவில்லை. சமாளித்துவிட்டோம் என்று நம்பவே தொடங்கிவிட்டார்.

2023 செப்டம்பரில், தங்கை கல்யாணத்துக்காக நிதின் லீவில் போயிருந்த வாரத்தில்தான், ஒரு புதன்கிழமை, ரம்ஸியா வந்தார்.

ரம்ஸியா காயல்பட்டினத்துப் பெண். தேராவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கணவர் சாகிருக்கு மலைக்கு அந்தப் பக்கம் புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை. சனிக்கிழமை தோறும் ஏழு வயது மகள் அஃபீஃபாவை ஏற்றிக்கொண்டு இவரே வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருடைய கார் அமெரிக்காவில் பின்னால் அடிபட்டு, ஷார்ஜாவில் இறக்கிச் சரிசெய்து விற்கப்பட்டது. வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது.

"என்ஜின் லைட் எரியுது அண்ணே. அணைச்சு விட்டாலும் மறுபடி வருது. அதோட பின்சீட்ல பெட்ரோல் வாசம். எப்பவும் இல்ல, சில நாள் மட்டும். பிள்ளை தலை சுத்துதுன்னு சொல்றா."

வீரபாண்டி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். ஆவிக் கசிவு என்று காட்டியது.

வெயிலில் டாங்கிலுள்ள பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போகாமல் ஒரு கரிப் பெட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது என்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். டாங்க், குழாய்கள், மூடி எல்லாம் சேர்ந்து காற்றுப் புகாத ஒரே பை மாதிரி இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கென்று செய்த வண்டிகள் இதில் ரொம்பக் கண்டிப்பு. அந்தப் பையில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து விளக்கைப் போட்டுவிடும். எங்கே ஓட்டை என்று மட்டும் சொல்லாது.

புகை மெஷினை இணைத்தார். நைட்ரஜனோடு வெள்ளைப் புகை மெல்ல உள்ளே போனது. இரண்டு நிமிஷத்தில் பெட்ரோல் மூடியின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. வேறு மூடி போட்டு மறுபடி புகை விட்டார். மெஷினில் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு, அதற்குள் ஒரு சின்ன மணி மிதக்கும். கசிவு இல்லையென்றால் மணி அடியில் போய் உட்கார்ந்துவிடும். அன்று அது உட்காரவில்லை. ஒரு நெல் உயரத்துக்கு மேலே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துத் தேடினார். எங்கும் புகை இல்லை. மெஷினின் குழாய் பழசு, அதில் ஏதாவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளியே மூன்று வண்டிகள் காத்திருந்தன.

ரம்ஸியா கேட்டார்: "பின்சீட்ல ஒருக்கா உக்காந்து பாருங்கண்ணே. இப்ப வாசம் வருதா?"

வீரபாண்டி பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை இழுத்தார். குழந்தையின் வர்ணப் பென்சில்கள் சீட்டில் கிடந்தன. இறங்கி வந்து சொன்னார்.

"இப்ப இல்லைங்க மேடம். மூடியிலதான் பிரச்சினை. சரியாயிரும்."

அந்த வார்த்தைகளைத்தான் பிறகு அவரால் மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் லாரிகள் போகும் இரைச்சல்.

"அண்ணே, நான் புஜைரா ரோட்ல இருக்கேன். மலை ஏத்தம். லைட் மறுபடி எரியுது. வாசம் தாங்க முடியல. அஃபீஃபா வாந்தி எடுத்துட்டா."

வீரபாண்டி ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஓரமா நிறுத்துங்க. இப்பவே. நிறுத்தி சாவிய ஆஃப் பண்ணுங்க. பாப்பாவத் தூக்கிட்டு எறங்கி வண்டிக்கு முன்னாடி தள்ளிப் போங்க."

"வெளிய நாப்பத்து மூணு டிகிரிண்ணே. ஏசியில உக்காந்திருக்கோமே, ஜன்னலத் தொறந்துக்கிட்டு..."

"வேணாம்மா. சொல்றதக் கேளுங்க. எறங்குங்க."

மேடம் என்பது அம்மா ஆகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. கதவு திறக்கும் சத்தம், குழந்தை அழும் சத்தம். "உம்மா, it's too hot, உம்மா" என்று அது அழுதது.

"டாங்க் ஃபுல்லா போட்டீங்களா?"

"ஆமா, காலையில ஃபுல் பண்ணித்தான் கிளம்புனேன்."

"பின்னாடி சீட்டுல ஏதாச்சும் சார்ஜர் சொருகியிருக்கா?"

"சின்ன கூலர் பாக்ஸ். மீன் வச்சிருக்கேன். புடுங்கிடவா?"

"தொடாதீங்க!" அவர் கத்தியதில் கராஜில் எல்லாரும் திரும்பினார்கள். "புடுங்கும்போது ஒரு பொறி வந்தாப் போதும். இருக்கிறபடியே இருக்கட்டும். கிட்டப் போகாம தூர நின்னே பாருங்க, வண்டிக்கு அடியில ஏதாச்சும் சொட்டுதா?"

அவர் குனிந்து பார்க்கும் நேரத்தில் லாரி ஒன்று இரைந்து போனது.

"சொட்டுது."

"முன்னாடியா, பின்னாடியா?"

முன்பக்கம் என்றால் ஏசித் தண்ணீர்.

"பின்னாடி. பின் டயர் பக்கம்."

பின் டயருக்குப் பக்கத்தில்தான் சைலன்சர் குழாய் போகிறது. ஒரு மணி நேரம் ஓடி மலையும் ஏறிய வண்டியில் அது எவ்வளவு சூடாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"இன்னும் தள்ளிப் போங்க. அம்பது அடி. போலீசுக்கு அடிங்க. பெட்ரோல் லீக், கூடப் பிள்ளை இருக்குன்னு சொல்லுங்க. நான் கிளம்பிட்டேன்."

ஜாபர் சாதிக் தன் பிக்கப்பை எடுத்தார். பின்னால் தீயணைப்பான்களும் கொஞ்சம் கருவிகளும். ஷார்ஜா எல்லையைத் தாண்டினார்கள். நூற்று இருபதில் போய்க்கொண்டிருந்தார்கள். மணல் வெளியைக் கடந்து தூரத்தில் மலை தெரிந்தபோது ஜாபர் சாதிக்தான் ஆரம்பித்தார்.

"புதன்கிழமை நீதானே பாத்த? உனக்கு வாசம் தெரியலையா?"

"தெரியல பாய்."

"எப்படிப்பா தெரியாமப் போச்சு? அந்தப் பொண்ணு வாயத் தொறந்து பின்சீட்டுன்னு சொல்லிருக்கு."

"எனக்கு எதுவுமே தெரியாது பாய். கொரோனா வந்ததுலேர்ந்து மூக்கு இல்ல. பெட்ரோலும் தெரியாது, சோறும் தெரியாது. ஒன்னுமே தெரியாது."

வண்டியின் வேகம் குறைந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஜாபர் சாதிக் மறுபடி மிதித்தார்.

"மூணு வருஷமா?"

"மூணு வருஷமா."

"அல்லாஹ்வே." வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "நான் ஒவ்வொருத்தன்கிட்டயும் உன் மூக்கப் பத்திப் பெருமையடிச்சுக்கிட்டு இருந்தேனடா."

வீரபாண்டி போனை எடுத்தார். ரம்ஸியாவை மறுபடி அழைத்தார். போலீஸ் வந்துவிட்டது, குழந்தையை அவர்கள் வண்டியில் ஏசியில் உட்கார வைத்திருக்கிறார்கள், வண்டியை ஏற்ற ரெக்கவரியும் வந்துகொண்டிருக்கிறது என்றார். வீரபாண்டிக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே மறுபடி நின்றது. ரெக்கவரி வண்டியின் சாய்ந்த பலகையில் முன்பக்கம் மேலே போகும்படிதான் இழுப்பார்கள். ரோட்டின் ஏற்றத்தைவிட அது இரண்டு மடங்கு செங்குத்து. ஃபுல் டாங்க் பெட்ரோல் முழுக்கப் பின்னால் சரியும். எந்த ஓட்டை வழியாகச் சொட்டுகிறதோ அந்த ஓட்டை வழியாகக் கொட்டும்.

"இன்னும் வேகமாப் போங்க பாய்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரெக்கவரிக்காரர், வயதான ஒரு பட்டாணியர், கொக்கியை மாட்டி இழுக்கத் தொடங்கியிருந்தார். முன் டயர்கள் பலகையில் ஏறிவிட்டன. பிக்கப் நிற்பதற்கு முன்னாலேயே வீரபாண்டி குதித்து ஓடினார்.

"பாய், ருகோ! ருகோ! நீச்சே கரோ!" நிறுத்து, கீழே இறக்கு என்று இந்தியில் கத்தினார்.

பட்டாணியர் விசையை விட்டார். கம்பி இரைந்து நின்றது. பின் டயர் ஓரத்தில் தார் ரோட்டில் கையகலத்துக்கு இருந்த ஈரம் அதற்குள் முறம் அளவுக்குப் பரவியிருந்தது. போலீஸ்காரர் இளைஞர், கோபமாக நெருங்கினார். ஜாபர் சாதிக் அரபியில் சொல்லிப் புரியவைத்தார். வண்டியை மெதுவாக இறக்கி, பின்பக்கம் உயரும்படி ரோட்டோரச் சரிவில் திருப்பித் தள்ளி நிறுத்தினார்கள். சொட்டுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அடைக்காமல் ஏற்ற முடியாது என்று வீரபாண்டி சொன்னார். போலீஸ்காரர் சாலையின் அந்தப் பக்கத்தை மறித்தார்.

நாலு கதவையும் டிக்கியையும் திறந்து போட்டுக் காத்திருந்தார்கள். சைலன்சர் குழாய் ஆறும்வரை, உள்ளே தேங்கிய ஆவி போகும்வரை. மலைக்காற்று நெருப்பாக வீசியது. ஆவி போய்விட்டதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. புகை மெஷினும் இங்கே இல்லை.

"பாய், இப்ப நீங்கதான் சொல்லணும்."

ஜாபர் சாதிக் தயங்கினார். பிறகு கதவுக்கு அருகில் போய்த் தலையை நீட்டி மூச்சை இழுத்தார். "இன்னும் இருக்கு." பத்து நிமிஷம் கழித்து மறுபடி. "இருக்கு. கம்மி." அதற்கும் பிறகு, "ரொம்ப லேசா."

போனைப் பிக்கப்பிலேயே வைத்துவிட்டு வீரபாண்டி உள்ளே ஏறினார். வர்ணப் பென்சில்களைப் பொறுக்கி வெளியே கொடுத்தார். பின்சீட்டின் மெத்தையைக் கையாலேயே அழுத்தித் தூக்கினார். அடியில் வட்டமாக ஒரு தகடு. சுற்றிலும் யாரோ கறுப்புப் பசையைக் கனமாக அப்பியிருந்தார்கள். ஒயர் நுழையும் மூலையில் மட்டும் பசை இல்லை, விரல் நுழையும் இடைவெளி. புதன்கிழமை விட்ட புகையெல்லாம் இந்தத் தகட்டுக்கு அடியில் அடைந்து கிடந்திருக்கிறது. அவர் வண்டிக்கு அடியில் படுத்துத் தேடியிருக்கிறார். மூக்கு இருந்திருந்தால் சீட்டில் உட்கார்ந்ததுமே குனிந்து மூலையைப் பார்த்திருப்பார்.

இரும்பு படக்கூடாது. உரசினால் பொறி வரும். பிளாஸ்டிக் தட்டை வைத்துப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். வியர்வை கண்ணில் இறங்கியது. ஜாபர் சாதிக் கதவருகில் தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கிவிட்டுத் தயாராக நின்றார்.

தகடு வந்தது. அடியில், டாங்கின் மேல்பக்கக் குழியில் பெட்ரோல் தேங்கி மின்னியது. பெட்ரோல் பம்பை இறுக்கிப் பிடிக்கும் வளையம் கோணலாக உட்கார்ந்திருந்தது. அதற்கடியில் இருக்க வேண்டிய ரப்பர் ஓரிடத்தில் மடிந்து நசுங்கியிருந்தது. அடிபட்ட வண்டியைச் சரிசெய்த ஆள் பம்பைக் கழற்றி மாட்டியிருக்கிறார். ரப்பர் மடிந்ததைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பசை போட்டு மூடிவிட்டார். டாங்க் பாதி இருக்கும்போது ஆவி மட்டும் கசிந்தது. நிறைய ஊற்றி மலை ஏறியபோது பெட்ரோலே வந்துவிட்டது.

"பாண்டி," என்றார் ஜாபர் சாதிக் மெதுவாக. "வாசம் கூடுது. வெளிய வா."

"ஒரு நிமிஷம் பாய்."

"சொல்றேன்ல, வா வெளிய!"

வந்தார். தலை சுற்றியது. வாசம் தெரியாவிட்டாலும் ஆவி மூளைக்குள் போகத்தானே செய்யும். ஐந்து நிமிஷம் வெளியே நின்று மறுபடி போனார். துணியில் பெட்ரோலை ஒற்றி எடுத்து வெளியே கொடுத்தார். மறுபடி அழைப்பு, மறுபடி வெளியே. மூன்றாவது தடவையில் வளையத்தைத் தளர்த்தி, ரப்பரை விரலால் நீவிச் சரியாக உட்கார வைத்தார். சுத்தியலின் மரக் கைப்பிடியை வளையத்தின் பல்லில் வைத்து, இன்னொரு மரத்துண்டால் தட்டினார். தட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜாபர் சாதிக்கின் தோள் குலுங்கியது. நாலாவது தட்டில் வளையம் திரும்பிப் பூட்டிக்கொண்டது.

அடியில் சொட்டுவது நின்றது. போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ரம்ஸியா போலீஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உள்ளே அஃபீஃபா ஒரு பாட்டில் தண்ணீரோடு சாய்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

"ரொம்ப நன்றிண்ணே," என்றார் ரம்ஸியா. "நீங்க சொல்லலைன்னா நான் எறங்கியிருக்கவே மாட்டேன்."

அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். ஜாபர் சாதிக்கும் அவர் கையைத் தொட்டார், இப்ப வேண்டாம் என்பது போல. வீரபாண்டி சொல்லிவிட்டார்.

"நன்றி சொல்லாதீங்கம்மா. அன்னைக்கு வாசம் இல்லன்னு சொன்னேன்ல, அது பொய். எனக்கு வாசமே தெரியாது. மூணு வருஷமாத் தெரியாது. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

ரம்ஸியாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மாறியது.

"நீங்க இல்லன்னு சொன்னதாலதானே நான் என் பிள்ளைய அதுல உக்கார வச்சேன்? நேத்துகூட உம்மா வாசம் வருதுன்னா. இல்லம்மா, அங்கிள் பாத்துட்டார்னு சொன்னேன். அவளத்தான் அதட்டினேன்." திரும்பிப் பிள்ளையிடம் போய்விட்டார்.

ஆம்புலன்ஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு புஜைராவுக்குப் போனது. சாயங்காலம்வரை குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள். சாகிர்தான் ஜாபர் சாதிக்குக்குப் போன் செய்து சொன்னார். வண்டியில் புது ரப்பரும் வளையமும் போட்டு, புகை விட்டுப் பார்த்து, ஜாபர் சாதிக்கே ஓட்டிப் போய் ஒப்படைத்தார். ரம்ஸியா அதன்பிறகு அந்தக் கராஜுக்கு வரவில்லை.

சம்பவத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வீரபாண்டி உமாராணியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில்.

"எப்படி?"

"போன லீவுல அடுப்புல பால் தீஞ்சு வீடே நாறுச்சு. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் ஓடிவந்து அணைச்சேன். நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. நானும் கேக்கல. கேட்டிருக்கணும்."

ஜாபர் சாதிக் அவரை அனுப்பவில்லை. ஒரு வாரம் எந்த வண்டியையும் தொடவிடாமல் உட்கார வைத்தார். அந்த வாரத்தில் அவரே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் நாலைந்து வாசனைக் குப்பிகளைக் கொடுத்துத் தினமும் மோந்து பழகச் சொன்னார், இவ்வளவு நாளான பிறகு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கராஜுக்கு ஆவியைக் கண்டுபிடித்துக் கத்தும் ஒரு கையடக்கக் கருவி வந்தது. லீவு முடிந்து வந்த நிதினிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "அப்போ என்னை டெஸ்ட் பண்ணலையா சேட்டா?" என்று மட்டும் கேட்டான்.

இப்போது பெட்ரோல் வாசம் என்று யார் வந்தாலும் வீரபாண்டி முதலில் ஒன்றைச் சொல்கிறார்: "எனக்கு வாசம் தெரியாதுங்க. எங்க, எப்ப வருதுன்னு நீங்கதான் சொல்லணும். உங்க வார்த்தைய வச்சுத்தான் தேடுவேன்." சிலர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கராஜுக்குப் போகிறார்கள். அப்படிப் போகும்போது ஜாபர் சாதிக் ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். வீரபாண்டியைக் கூப்பிட்டு ஏன் சொன்னாய் என்று கேட்பதில்லை.